தொக்கம் எடுக்காத வீடு

"ஒரு ஸ்பூன்னு எழுதியிருந்துச்சுல்லா, ஏன் ஒரு டம்ளர் குடுத்தீங்க?" என்று கேட்க மனைவி வீட்டில் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை விஜய்பாண்டி தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். பதில் அவன் சட்டையின் மீது வழிந்துகொண்டிருந்தது.

குற்றாலத்து அருவிக்கரையில் விசில் ஊதும் காவலர் அவன். சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாயிரம் தலைகள் அவன் விசிலுக்கு அசையும். எண்ணெய் வழியும் உடம்புகளை வரிசையில் நிறுத்தியவன். தண்ணீர் பெருகிய வேளையில் இரண்டே நிமிடத்தில் அருவியைக் காலி செய்தவன். அந்தப் பேராற்றல், தென்காசியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில், இரண்டு வயது மகள் நன்மதியின் முன்னால், ஈரச் சட்டையோடு கைகட்டி நின்றது.

"அப்பா... தண்ணி," என்றாள் நன்மதி.

"இப்பத்தானட்டி குடிச்ச? குடிச்சதை எம்மேல ஊத்திட்டு மறுபடியும் தண்ணிங்கே?"

குழந்தைக்கு மெல்லிய காய்ச்சல். விடியற்காலையிலிருந்து இரண்டு வாந்தி. இதற்கு என்ன செய்வது என்பதை இந்த மாவட்டத்திலேயே தெளிவாகச் சொல்லக்கூடியவர்களில் ஒருத்தி அவன் மனைவி ஜெயபிரியா. கிராம சுகாதாரச் செவிலியர். ஆனால் அவள் சிவகிரியில் ஒரு முகாமுக்குப் போயிருந்தாள். முகாமின் தலைப்பு, 'குழந்தைக்கு வாந்தி, காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?' என்பது. ஊருக்குச் சொல்ல அவள் போக, வீட்டில் செய்ய அவன் வாய்த்தான்.

காலையில் அவள் போகமாட்டேன் என்றுதான் நின்றாள். "நீ போ பிரியா, நான் லீவு சொல்லிட்டேன், பாத்துக்கிடுதேன்," என்று மார்தட்டியவன் இவன். அவள் அரை மனதோடு ஒரு தாள் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்.

ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் தூளை ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் கலக்க வேண்டும். அதில் ஒவ்வொரு ஸ்பூனாகச் சில நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்க வேண்டும். காய்ச்சல் நூற்றொன்றைத் தாண்டினால் மட்டும், அளவுக்குழலில் கோடு போட்டிருக்கும் மருந்து. ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டு போனாலோ, வாந்தி பச்சையாகவோ இரத்தமாகவோ வந்தாலோ, யோசிக்காமல் அரசு மருத்துவமனை. எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். கடைசி வரி சிவப்பு மையில் இருந்தது: 'தொக்கம் எடுக்கக் கூடாது.'

குழந்தை வாந்தி எடுத்தால் தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்பது இந்தச் சீமையின் தீர்ப்பு. அதன் பெயர் தொக்கம். அதை எடுப்பதற்கென்று ஒருவர் இருப்பார். வயிற்றைத் தடவுவார், காதில் ஊதுவார், வாயால் உறிஞ்சுவார். பிறகு ஒரு துண்டுத் தீனியை உள்ளங்கையில் காட்டுவார். தன் கடைவாயில் ஒளித்ததை ஊரான் பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுத்ததாகக் காட்டும் கைத்திறனுக்கு வைத்தியம் என்று பெயர்! கும்பிட்டுக் காசு கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு நம்பிக்கையாளர் என்று பெயர்! கேள்வி கேட்டவர்களுக்கோ திமிர் பிடித்தவர் என்று பெயர்!

அந்தப் பெயரை ஆறாண்டுகளாகச் சுமந்தவள் ஜெயபிரியா. புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"ஏங்க, நான் ஒவ்வொரு தாய்கிட்டயும் 'தொக்கம்னு ஒண்ணு கிடையாது'ன்னு தொண்டை கிழியச் சொல்லிட்டு வருதேன். நம்ம பிள்ளைய அங்கன கொண்டு போனீங்கன்னு ஒரு ஆளு பாத்தாலும், நாளையிலருந்து எவ என் பேச்சைக் கேப்பா? ஆறு வருசம் உழைச்சது அரை மணி நேரத்துல போயிரும்."

"நான் போலீஸ்காரன்ட்டி. சாட்சி இல்லாம எதையும் நம்பமாட்டேன்."

"நாலு மணிக்கு வந்துருவேன். முகாம் முடியுத வரை போன் எடுக்கமாட்டேன்."

அவள் போனாள். குழந்தை தாகம் என்றது. பெற்ற மனம் ஸ்பூனைப் பார்த்தது, ஒரு ஸ்பூனால் யாருடைய தாகம் தீர்ந்திருக்கிறது என்று நினைத்தது, டம்ளரை எடுத்தது. அந்தக் கதையைத்தான் சட்டை சொல்லிக்கொண்டிருந்தது.

சட்டையை மாற்றிக்கொண்டு, பத்து நிமிடம் பொறுத்து, முறைப்படி ஸ்பூனை ஏந்தினான் விஜய்பாண்டி. காவல் நிலையத்து நாட்குறிப்பு எழுதிய கை அல்லவா? ஒரு நோட்டை விரித்து, '9.20. ஒரு ஸ்பூன். உட்கொண்டாள். 9.24. ஒரு ஸ்பூன். உட்கொண்டாள். துப்பவில்லை' என்று எழுதத் தொடங்கினான். பத்து மணி தாண்டியபோது குழந்தையின் நெற்றி சுட்டது. வெப்பமானி நூற்றொன்று புள்ளி நான்கு காட்டியது. கோடு வரை மருந்து கொடுத்தான். எழுதினான். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அந்த ஒழுங்குக்குள் அடுத்த வீட்டு ஆனந்தவள்ளி அக்கா நுழைந்தாள்.

"என்ன தம்பி, பிள்ளைக்கு மேலு சரியில்லியாமே? சன்னலை ஆன்னு தெறந்து போட்டிருக்கியே, சாரக் காத்து அடிக்குதது தெரியலியா?"

நான்கு சன்னல்களும் மூடப்பட்டன. கம்பளி வந்தது. அதன்மேல் இன்னொரு கம்பளி வந்தது. குரங்குத் தொப்பி வந்தது. நன்மதியில் மூக்கு மட்டும் மிஞ்சியது. பிறகு ஆனந்தவள்ளியின் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கிண்ணம் வெளிப்பட்டது.

"என்னக்கா இது?"

"சுக்குக் கசாயம். ஒரு மடக்குத்தான். உள்ள போன ஒடனே வாந்தி நின்னுரும்."

உள்ளே போனது. உடனே வெளியேயும் வந்தது. காலையிலிருந்து உட்கொண்ட ஸ்பூன்கள் அத்தனையும் அதைத் தொடர்ந்து வந்தன. ஆனந்தவள்ளி சளைக்கவில்லை.

"பாத்தியா! கசாயமே தங்க மாட்டேங்குது. அப்போ உள்ள எதுவோ அடைச்சுக்கிட்டு கெடக்கு. தொக்கம்தான் தம்பி. மேலகரத்துல கடற்கரைன்னு தொக்கம் எடுக்கவரு ஒருத்தரு இருக்காருல்லா, அவருகிட்ட..."

"அக்கா! எங்க வீட்டுல அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது."

"எடுக்காட்டா போ. பெத்தவன் நீ. பிள்ளை என்ன எம்பிள்ளையா?" என்று கிண்ணத்தோடு வெளியேறினாள் அவள்.

இப்போது விஜய்பாண்டிக்கு ஒரு புதிய சிக்கல். கொடுத்த காய்ச்சல் மருந்தும் வாந்தியோடு போய்விட்டதா? மறுபடி கொடுப்பதா, வேண்டாமா? மருந்துக்கடை முகம்மது சலீமை அழைத்தான்.

"எத்தனை மணிக்கு மருந்து குடுத்தீய சார்?" என்று கேட்டார் சலீம்.

விஜய்பாண்டி நோட்டைப் பார்த்தான். "பத்து நாப்பது."

"எத்தனை மணிக்கு வாந்தி எடுத்துச்சு?"

"பத்து முப்பத்தஞ்சு."

சலீம் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

"அதாவது, மருந்து குடிக்கதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடியே மருந்தைக் கக்கியிருக்கு. கேஸ் எழுதுத மாதிரியே எழுதியிருக்கீயளே சார்!"

விஜய்பாண்டி சுவரைப் பார்த்தான், கைப்பேசியைப் பார்த்தான். பேருந்தைத் தவறவிடாமல் இருப்பதற்காக ஜெயபிரியா சுவர்க்கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் வைத்திருந்தாள். அவனோ சில வரிகளைச் சுவரைப் பார்த்தும் சில வரிகளைக் கைப்பேசியைப் பார்த்தும் எழுதியிருந்தான். எந்த வரி எந்தக் கடிகாரத்துக்கு உரியது? எழுதியவனுக்கே தெரியவில்லை.

"சந்தேகமா இருந்தா திரும்பக் குடுக்காதீய," என்றார் சலீம். "இப்போ காய்ச்சல் எவ்வளவுன்னு பாருங்க. அதிகமா இருந்தா டாக்டர்ட்ட காட்டுங்க."

பார்த்தான். நூற்றிரண்டு புள்ளி எட்டு.

பதறாதவர் உண்டோ? கம்பளிகளைப் பிடுங்கி எறிந்தான். தொப்பியைக் கழற்றினான். சன்னல்களைத் திறந்தான். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டான். ஈரத்துண்டால் நெற்றி, கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்துவிட்டு, அந்த ஈர அக்குளிலேயே வெப்பமானியை வைத்தான். தொண்ணூற்றாறு.

"ஐயையோ, ஒரேயடியா எறங்கிட்டே! பிள்ளை குளுந்து போச்சே!"

மறுபடியும் கம்பளி. மறுபடியும் தொப்பி. சன்னல் மூடப்பட்டது. கால் மணி கழித்துப் பார்த்தால் நூற்றொன்றரை. ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தை மூன்று முறை கோடையையும் மூன்று முறை மார்கழியையும் கண்டது. காய்ச்சல் குழந்தையுடையதா, கம்பளியுடையதா என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் வெப்பமானியை உதறிக்கொண்டிருந்தான். அது உதறத் தேவையில்லாத, பேட்டரியில் ஓடும் வெப்பமானி.

"போ!" என்று கம்பளியை உதைத்தாள் நன்மதி. நல்ல உதை. துவண்ட பிள்ளை உதைக்கும் உதையன்று. அதுவும் குறிப்பேட்டில் ஏறவில்லை.

இதற்கிடையே தாளின் இன்னொரு வரி அவன் கண்ணில் பட்டது. சிறுநீர்! கடைசியாக ஏழரை மணிக்கு, ஜெயபிரியா இருந்தபோது. அதன்பின்? டயப்பரைத் தொட்டான். ஈரம். மகிழ்ந்தான். மறுகணம் மகிழ்ச்சி வற்றியது. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்ததில் பாதி குழந்தையின் மடியில்தானே சிந்தியது? துடைத்த துண்டிலிருந்தும் சொட்டியதே? இது எந்த ஈரம்?

தெளிவு பெற ஒரே வழி, டயப்பரைக் கழற்றிவிட்டுக் கண்காணிப்பது. கழற்றினான். விடுதலை பெற்ற நன்மதி கூடம், சமையலறை, படுக்கையறை என்று ஓடினாள். அவன் பின்னால் ஓடினான். தரையில் ஐந்து இடங்களில் ஈரம் இருந்தது. ஐந்தும் அவன் பிழிந்து பிழிந்து நடந்த துண்டின் வேலையா, ஒன்றாவது மகளின் வேலையா?

முழங்காலிட்டு, மூன்றாவது ஈரத்தின்மீது மூக்கை வைத்திருந்தபோது கைப்பேசி ஒலித்தது. தடுமாறி எடுத்ததில் காணொளி திறந்துகொண்டது. அருவிக்கரையிலிருந்து உடன் பணியாற்றும் பேச்சிராஜ்.

"என்னலே மாப்ளே, மோப்ப நாய் பிரிவுக்கு மாத்திட்டாவளா?"

விஜய்பாண்டி நடந்ததையெல்லாம் கொட்டினான். அருவி இரைச்சலுக்கு மேல் பேச்சிராஜ் கத்தினான்.

"ஏலே, இதுக்குப் போயா இந்தப் பாடு? என் மவளுக்கும் இதேதான். மேலகரம் கடற்கரை அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். ரெண்டு நிமிசம். வயித்தைத் தடவுனாரு, ஒரு ஊது ஊதுனாரு, உள்ள கெடந்த இட்லித் துண்டு வெளிய வந்துட்டு!"

"எப்போ தின்ன இட்லி?"

"அதாம்லே ஆச்சரியம்! எங்க வீட்டுல அந்த வாரம் இட்லியே அவிக்கல!"

இதைக் கேட்டு வயிறு வெடிக்கச் சிரிக்க வேண்டாமா? அவிக்காத இட்லி எந்த அடுப்பில் வெந்தது, எந்த வாயிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? வேறொரு நாளாக இருந்தால் விஜய்பாண்டி கேட்டிருப்பான். திருடனிடம் நூறு குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தவன்தான். ஆனால் குழப்பம் கூடியவன் மூளை, கதவு திறந்த வீடு. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கடற்கரை வந்து உட்கார்ந்துகொண்டார்.

சுவர்க்கடிகாரத்தில் மணி ஒன்றரை ஆயிற்று. ஏழரையிலிருந்து ஆறு மணி நேரம்! கைப்பேசியிலோ ஒன்று பத்து. சுவர்ப்படி மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். கைப்பேசிப்படி இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போனால், அங்கே வாயிற்காவலரிலிருந்து தலைமைச் செவிலியர் வரை எல்லோரும் ஜெயபிரியாவை அறிந்தவர்கள். அவன் சீட்டு வாங்குவதற்குள் சிவகிரிக்குச் சேதி போய்விடும். மேடையில் பேசிக்கொண்டிருப்பவள் பாதியில் இறங்கி ஓடி வருவாள். 'பாத்துக்கிடுதேன்' என்றவன் பார்த்த லட்சணம் முகாம் முழுக்கத் தெரியும்.

இருபது நிமிடம் இருக்கிறது. மேலகரம் பத்து நிமிடம். எவருக்கும் தெரியாமல் முதலில் அங்கே, பிறகு நேராக மருத்துவமனை. மனிதன் அறிவைக் கைவிடும் நேரத்தில்தான் கணக்குச் சரியாக வரும்!

முகக்கவசம் மாட்டினான். அதன்மேல் ஒரு துண்டு சுற்றினான். தலையில் தொப்பி. நன்மதிக்குச் சட்டையும் துண்டுமாகச் சுற்றி, கரைசல் போத்தலும் ஸ்பூனும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் ஆட்டோ ஏறினான்.

"மேலகரம்," என்றான் குரலை மாற்றி.

"சரி சார்," என்றார் ஓட்டுநர் மாடன். "இன்னைக்கு அருவில டூட்டி இல்லியா?"

விஜய்பாண்டி துண்டை இன்னும் மேலே ஏற்றிச் சுற்றினான்.

"தொக்கமா சார்?"

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சிய மூடிக்கிட்டு பிள்ளையோட மேலகரம் போறவங்க வேற எதுக்கு சார் போவாங்க? படிச்சவங்க எல்லாரும் இப்படித்தான் போவாங்க. படிக்காதவங்க தைரியமா மூஞ்சியக் காட்டிட்டுப் போவாங்க."

தென்மலைக் காற்று ஆட்டோவுக்குள் வீசியது. நன்மதிக்கு ஆட்டோ பிடித்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிரித்தாள். ஸ்பூனை நீட்டியபோதெல்லாம் வாங்கிக்கொண்டாள். சுக்குக் கசாயத்துக்குப் பிறகு அவள் ஒரு முறைகூட வாந்தி எடுக்கவில்லை. அதையும் நோட்டில் காண முடியாது. நடந்ததை மட்டுமே எழுதுவது என்ற கொள்கையை அவன் அன்றைக்கென்று பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, தோசை," என்றாள் குழந்தை.

"இரும்மா, மொதல்ல இட்லிய எடுத்துருவோம்," என்றான் அப்பா.

மேலகரம் திரும்பும்போது அவன் மடியில் ஒரு வெதுவெதுப்புப் பரவியது. தொடையில் தொடங்கி, கால்சட்டை வழியே இறங்கி, காலணிக்குள் நிறைந்தது. இந்த முறை துண்டின் வேலையில்லை, ஸ்பூனின் வேலையில்லை, ஐயமில்லை. விஜய்பாண்டி துள்ளி எழுந்து ஆட்டோக் கூரையில் தலையை இடித்துக்கொண்டான்.

"ஒண்ணுக்குப் போயிட்டா! மாடா, எம்பிள்ளை ஒண்ணுக்குப் போயிட்டா!"

"எல்லாப் பிள்ளையும் போறதுதான சார். சீட்டைத் தொடைச்சுக் குடுத்துருங்க."

கைப்பேசியைப் பார்த்து எழுதினான்: '1.24. சிறுநீர். சந்தேகத்துக்கு இடமின்றி.' நெற்றியைத் தொட்டான். வியர்த்துக் குளிர்ந்திருந்தது. குழந்தை அவன் மூக்கின்மேல் இருந்த துணியை இழுத்து விளையாடிற்று.

அங்கேயே ஆட்டோவைத் திருப்பியிருக்கலாம். திருப்பச் சொல்ல அவன் வாயும் திறந்தது. அதற்குள் மாடன் ஆட்டோவை நிறுத்தி, "அந்தா பச்சைக் கதவு. மூஞ்சிய மறைக்கிறவங்க எல்லாரும் பின்வாசல் வழியாத்தான் போவாங்க, நான் முக்குல நிக்கேன்," என்றார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. எதற்கும் ஒருமுறை காட்டிவிடுவோமே! அந்த 'எதற்கும்' என்ற சொல்லை நம்பி இந்த நாட்டில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்!

பின்வாசலில் ஒரு பெண் பால்புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கடற்கரையின் மனைவி இசக்கிச்செல்வி என்று அவளே சொன்னாள். முகமூடி மனிதனைக் கண்டு வியப்படையவில்லை; பழகியவள்.

"அண்ணாச்சி இருக்காவளா? பிள்ளைக்குத் தொக்கம் எடுக்கணும்," என்றான் விஜய்பாண்டி தணிந்த குரலில்.

"அவுக இல்லியே சார். இன்னைக்கு யாருக்கும் எடுக்கல. எங்க பயலுக்கு நேத்துலருந்து வாந்தியும் காய்ச்சலும். அவனைத் தூக்கிட்டுப் போயிருக்காவ."

விஜய்பாண்டி குழம்பிய நாளின் கடைசிக் குழப்பத்தோடு அவளைப் பார்த்தான்.

"ஏன், அவுகளே எடுத்துவிட்டிருக்கலாமே?"

இசக்கிச்செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு வயதுக்கு இவ்வளவுதான் விவரமா என்று இரங்குகிற பார்வை அது.

"சொந்தப் பிள்ளைக்குப் போயி யாராவது தொக்கம் எடுப்பாவளா சார்? தென்காசியில போலீஸ்காரர் வீட்டு ஜெயபிரியா நர்சம்மா நாலு மணிக்கு வந்துருவாவளாம், அதான் அவுக வீட்டுப் பின்வாசல்ல யாரு கண்ணுலயும் படாம ஒக்காந்திருக்காவ!"